மூன்று நூல் பிசகு

போன ஆண்டு மடிப்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடி வீட்டில் துணி அலமாரி பொருத்திக்கொண்டிருந்தோம். பொருத்திக்கொண்டிருந்தோம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். அலமாரி உள்ளே போக மறுத்துக்கொண்டிருந்தது. தூணுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடத்தின் அகலம் 2,100 மி.மீ. என்று படத்தில் இருந்தது. இடுக்குக்கு 5 மி.மீ. விட்டு 2,095க்கு அலமாரியை வரைந்திருந்தார், எங்களிடம் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண். படத்தில் பலகையின் தடிமன் 18 மி.மீ. பிளைவுட்டின் தடிமன் அதுதான், தப்பில்லை. ஆனால் அதன் வெளிப்பக்கம் ஒட்டும் சன்மைக்கா 1 மி.மீ., உள்பக்கம் ஒட்டுவது 0.8. பசையையும் சேர்த்தால் ஒரு பலகை 20 மி.மீ.க்கு வந்து நிற்கும். நெட்டுப் பலகைகள் நான்கு. நாலிரண்டு எட்டு. படத்தில் 2,095 ஆக இருந்தது பட்டறையிலிருந்து 2,103 ஆக வந்து இறங்கியது. அது போதாதென்று சுவர் மேலே போகப் போக உள்பக்கமாகச் சாய்ந்திருந்தது. இடுப்பு உயரத்தில் ஒரே ஓர் அளவுதான் எடுக்கப்பட்டிருந்தது. மேலே டேப்பை வைத்துப் பார்த்தால் 2,094.

எங்கள் ஆசாரி டேப்பைச் சுருட்டிக்கொண்டே, "மூணு நூல் சார்" என்றார். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல், 3 மி.மீ.க்குச் சற்று மேலே. பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்து, கேலி இல்லாமல் சொன்னார்: "படத்துல சுவரு நேரா இருக்கு மேடம். வீட்டுல எங்க நேரா இருக்கு?"

தட்டுகளை எல்லாம் கழற்றி, அறுத்து, ஓரத்துக்குப் புதிதாகப் பட்டி ஒட்டி முடிக்க இரண்டு நாள் ஆனது. இரண்டு நாள் கூலி என் கணக்கில். அந்தப் பெண்ணின் மீது எனக்கு வருத்தம் இல்லை. அவரிடம் சான்றிதழ் இருந்தது. முப்பரிமாணப் படத்தில் மேசைமேல் இருக்கும் கண்ணாடிக் குவளைக்குள் சாயங்கால வெயில் புகுந்து மறுபக்கம் விழுவதைக்கூட அவர் காட்டிவிடுவார். தூக்குக்குண்டை மட்டும் அவர் அதுவரை கையில் பிடித்ததில்லை. பிடித்துப் பார் என்று யாரும் கொடுத்ததில்லை. அதற்காகப் பணம் வாங்கிக்கொண்டவர்களும் கொடுக்கவில்லை.

நம் ஊரில் இப்போது ஒரு கருத்து ஓடிக்கொண்டிருக்கிறது. அதை மறுத்து யாரும் பேசுவதாகத் தெரியவில்லை. வீட்டு உள் அலங்காரத்துக்கு வேண்டியது ரசனை. அது சிலருக்குப் பிறவியிலேயே இருக்கும். இருப்பவர்கள் ஆறு மாதம் ஒரு கோர்ஸில் சேர்ந்து மென்பொருள் கற்றுக்கொண்டால் போதும். மற்றபடி அறுப்பது, இழைப்பது, ஒட்டுவது எல்லாம் ஆசாரி பார்த்துக்கொள்வார். பெற்றோர் இதை நம்புகிறார்கள், பிள்ளைகளும் நம்புகிறார்கள், பயிற்சி நிலையங்கள் இதை நம்புவதோடு நிற்காமல் விற்கவும் செய்கின்றன. இருபத்தைந்து ஆண்டாக இந்தத் தொழிலில் சோறு தின்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: இதில் ஒரு சொல்கூட உண்மை இல்லை. முதல் சொல்லிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ரசனை. இந்தத் தொழிலின் ஆதிக்கதையே ரசனையால் மட்டும் ஜெயித்த ஒருவரின் கதைதான் என்று வாதிடுவார்கள். எல்சி டி வுல்ஃப் என்ற அமெரிக்கப் பெண்மணி நாடக நடிகை. கட்டடக்கலையோ தச்சோ படித்தவர் இல்லை. 1905இல் நியூயார்க்கில் பெண்களுக்கான காலனி கிளப்பின் உள் அலங்காரம் அவர் கைக்கு வந்தது. கனத்த திரைகளையும் இருட்டு மரத்தையும் தூக்கிவிட்டு வெளிர் நிறங்களைக் கொண்டுவந்தார். 1913இல் அவர் பேரில் புத்தகம் வந்தது. ஊரே அவர் பின்னால் போனது. படிப்பில்லாமல் வந்தவர்தானே, பிறகு எனக்கு எதற்குப் படிப்பு என்று கேட்பவர்கள் இந்தக் கதையின் பாதியைத்தான் சொல்கிறார்கள். அந்த வேலை அவருக்குக் கிடைக்க உதவியவர் ஸ்டான்ஃபோர்டு வைட், அக்காலத்தின் பேர்பெற்ற கட்டடக் கலைஞர். டி வுல்ஃப் சொன்னதைச் செய்துமுடிக்க நியூயார்க்கில் தொழில் தேர்ந்த மரவேலைக்காரர்களும் மெத்தைக்காரர்களும் இருந்தார்கள். அந்தக் கைகளின் மேல் ஏறி நின்றுதான் அந்த ரசனை உலகத்துக்குத் தெரிந்தது. கதையின் மறுபாதி இன்னும் சுவையானது. அந்தப் புத்தகம் வந்து மூன்றே ஆண்டில், 1916இல், ஷெரில் வைட்டன் என்ற கட்டடக் கலைஞர் அதே நியூயார்க்கில் உள் அலங்காரத்துக்கென்று ஒரு பள்ளியைத் தொடங்கினார். இன்றும் அது நடக்கிறது. ரசனைக்காரி ஒருவர் புகழின் உச்சியில் இருந்தபோதே அதே ஊரில் பள்ளி ஒன்று தேவைப்பட்டிருக்கிறது.

இன்னொன்று. ரசனை பிறவியிலேயே வருவது என்கிறார்களே, அது எங்கே இருந்து வருகிறது என்று நான் பார்த்திருக்கிறேன். ஒரு தீப்பெட்டி அளவு வண்ண அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு "இந்தப் பச்சை பிரமாதம்" என்பவரைச் சுவர் முன்னால் நிறுத்துங்கள். அதே பச்சையை அறையின் நாலு சுவரிலும் இரண்டடிக்கு இரண்டடி அடித்துக் காயவிடுங்கள். காலை ஏழு மணிக்கு ஒரு முறை, உச்சி வெயிலில் ஒரு முறை, சாயங்காலம் மேற்கு ஜன்னலில் வெயில் இறங்கும்போது ஒரு முறை, ராத்திரி விளக்கைப் போட்டு ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள். அதுவும் 6,500 கெல்வின் வெள்ளை விளக்கில் ஒரு தடவை, 3,000 கெல்வின் மஞ்சள் விளக்கில் ஒரு தடவை. நாலு சுவரும் நாலு பச்சை. ராத்திரியில் ஒன்று சாம்பல், இன்னொன்று கிட்டத்தட்ட பழுப்பு. இதை ஐந்து அறையில் செய்தவருக்கு ஆறாவது அறையில் அட்டையைப் பார்த்ததுமே சுவர் கண்ணில் தெரியும். ஊர் அதைப் பார்த்துவிட்டு "என்ன ரசனை!" என்கிறது. பழகிய கண், அவ்வளவுதான். சங்கீதக்காரருக்குச் சுருதி பிசகுவது காதில் தைப்பது மாதிரி. யாருக்கும் பழக்கலாம். பழக்க நேரம் வேண்டும், சுவர் வேண்டும், வண்ணம் வேண்டும். கணினித் திரையில் பழக்க முடியாது. திரைக்கு மேற்கு வெயில் கிடையாது.

ஆறு மாதப் படிப்புக்கு வருகிறேன். ஆறு மாதம் என்பது குறைவு என்று நான் சண்டை போடவில்லை. ஆறு மாதத்தில் ஒரு மனிதனுக்கு எவ்வளவோ கற்றுத் தரலாம். அந்த ஆறு மாதத்தில் என்ன நடக்கிறது என்பதுதான் என் சண்டை. எங்களிடம் வேலை கேட்டு வருபவர்களிடம் ஒரே ஒரு கேள்வி வைத்திருக்கிறேன். ஏழடி அகலம், எட்டடி உயரம், இரண்டடி ஆழத்தில் ஒரு துணி அலமாரி. நெட்டுப் பலகை நாலு, அடி, மேல், தட்டு எல்லாம் சேர்த்து ஆறு வரிசை, முன்னால் கதவு. எட்டுக்கு நாலு பிளைவுட் எத்தனை ஷீட் வாங்குவீர்கள்?

சதுர அடிக் கணக்கு எல்லோருக்கும் வருகிறது. நெட்டுப் பலகை 64, வரிசைகள் 84, கதவு 56. மொத்தம் 204. ஒரு ஷீட் 32 சதுர அடி. வகுத்தால் 6.4. "ஆறரை ஷீட் சார்" என்பார்கள். வெட்டிப் பார்த்தால்தான் தெரியும். நெட்டுப் பலகைக்கு ஷீட்டை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால் நாலு பலகைக்கு இரண்டு ஷீட். வரிசைகளுக்கு எட்டடிப் பட்டையில் ஏழடி போக ஓரடி மிச்சம் விழும். அந்த ஓரடித் துண்டு எதற்கும் சேராது. ஆக மூன்று ஷீட். கதவுக்கு இரண்டு. ஏழு ஷீட். பின்பலகைக்கு 6 மி.மீ.யில் இரண்டு, அதை யாரும் சொல்வதே இல்லை. இதற்கு மேலும் ஒன்று இருக்கிறது: நாலடி ஷீட்டை இரண்டாக அறுத்தால் இரண்டடி இரண்டு கிடைக்காது. ரம்பத்தின் பல் தடிமன் 3 மி.மீ. போல நடுவில் தின்றுவிடும். ஆகவே அலமாரியின் ஆழம் இரண்டடிக்கு அரை நூல் குறைவு. இது ஒரு முறை கையால் அறுத்தவர் மறக்க மாட்டார். அறுக்காதவருக்கு எத்தனை முறை சொன்னாலும் தங்காது.

இந்தக் கணக்கு தெரியாமல் கொட்டேஷன் போடுகிறவர் கடைசியில் மூன்று வழிகளில் ஒன்றுக்குத்தான் போவார். நஷ்டப்படுவார், அல்லது வாடிக்கையாளரிடம் பாதி வேலையில் நின்றுகொண்டு கூடுதல் பணம் கேட்பார், அல்லது பிளைவுட்டில் கை வைப்பார். மூன்றாவதுதான் அதிகம் நடக்கிறது. அதைத் தெரிந்து செய்பவர்களை விடுங்கள். தெரியாமலே செய்பவர்கள் இருக்கிறார்கள். பிளைவுட்டில் ஐ.எஸ். 303 என்று ஒரு தரம், ஐ.எஸ். 710 என்று ஒரு தரம். பின்னது மரைன் பிளை, தண்ணீர் புழங்கும் இடத்துக்கு. 710க்கு வைக்கும் பரீட்சை என்ன தெரியுமா? கொதிக்கும் தண்ணீரில் 72 மணி நேரம். அதற்குப் பிறகும் அடுக்கு பிரியக் கூடாது. கோர்ஸில் இதை மூன்றெழுத்துச் சுருக்கமாகப் படித்துவிட்டு வருகிறார்கள். எங்கள் அலுவலகத்துக்குப் பின்னால் ஒரு பழைய அண்டா கிடக்கிறது. புதிதாக வருபவர்களுக்கு முதல் வாரத்தில் நான் கொடுக்கும் வேலை, கடையில் மரைன் என்று சொல்லிக் கொடுத்த மூன்று துண்டுகளைப் போட்டு நாள் முழுக்கக் கொதிக்க வைப்பது. சாயங்காலம் ஒரு துண்டாவது அப்பளம் மாதிரி வாயைப் பிளந்துகொண்டு மிதக்கும். அதைக் கையில் எடுத்துப் பார்த்த பிள்ளை, அதற்கப்புறம் கடைக்காரர் சொல்லை மட்டும் வைத்துப் பில் போட மாட்டான். இதைச் செய்ய ஆகிற செலவு ஒரு சிலிண்டரில் கொஞ்சம் கேஸ். லட்சங்களில் கட்டணம் வாங்கும் இடங்களுக்கு ஓர் அண்டா வாங்க முடியவில்லை என்றால் எப்படி?

முடியாமல் இல்லை. அண்டா இருக்கும் இடம் அழகாக இருக்காது. மரத்தூள், பசை, இரும்புச் சத்தம், வியர்வை. வந்து பார்க்கும் பெற்றோருக்கு இது பிடிக்காது. "டிசைனர்" ஆக்கத்தானே பிள்ளையை அனுப்புகிறோம், ஆசாரி ஆக்கவா என்று கேட்பார்கள். வெளியே சொல்லாமல் மனதுக்குள் கேட்பார்கள். முழுப் பொய்யும் உட்கார்ந்திருப்பது இந்த இடத்தில்தான். "கைவேலையை ஆசாரி பார்த்துக்கொள்வார்" என்பதை வேலைப் பங்கீடு மாதிரி சொல்கிறார்கள். அது வெறும் வேலைப் பங்கீடு அல்ல என்று நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆசாரி என்பது ஒரு தொழிலின் பெயராகவும் ஒரு சாதியின் பெயராகவும் ஒரே நேரத்தில் இருக்கிற மொழி நம்முடையது. மூளை ஒரு பக்கம், கை ஒரு பக்கம் என்று பிரித்து, மூளைக்கு ஏசி வகுப்பும் கைக்குத் தினக்கூலியும் கொடுத்துவிட்டு அதற்கு நவீனத் தொழிற்கல்வி என்று பெயர் வைத்திருக்கிறோம்.

இதைச் சொன்னதும் ஒருவர் எழுந்து "அப்போ குலக்கல்வியா?" என்பார். கேட்கட்டும், தமிழ்நாட்டில் அந்தக் கேள்வியைத் தாண்டாமல் பட்டறையைப் பற்றிப் பேசக் கூடாது. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம், பள்ளி நேரம் போக மீதி நேரத்தில் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைக் கற்கட்டும் என்றது. ஊர் கொதித்தது, அடுத்த ஆண்டே காமராசர் ஆட்சியில் அது போனது. போனது நல்லது. 2023இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த விஸ்வகர்மா திட்டத்தின் மீதும் இதே ஐயம் எழுந்து தமிழ்நாடு அதை ஏற்க மறுத்தது. அந்தத் திட்டத்தின் அடிப்படைப் பயிற்சி 5 முதல் 7 நாள் என்பதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது வேறு: ஒரு வாரத்தில் தச்சு வேலையில் என்ன சொல்லித் தருவார்கள்? உளியைத் தீட்டவே அந்த நாள் போதாதே. இருக்கட்டும். குலக்கல்வி சொன்னது, அப்பன் தொழிலை மகன் கற்கட்டும் என்று. நான் கேட்பது அதற்கு நேர் எதிர். அப்பன் பத்திர எழுத்தராகவோ வங்கி அதிகாரியாகவோ இருக்கிற வீட்டுப் பிள்ளை, தானே விரும்பி இந்தத் தொழிலுக்கு வந்தால், பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்த பிறகு, இழைப்புளி பிடிக்கட்டும். ஆசாரி வீட்டுப் பிள்ளை படம் வரையட்டும், கொட்டேஷன் போடட்டும், வாடிக்கையாளருக்கு எதிரே நாற்காலியில் உட்காரட்டும். பட்டறையைக் கண்டு ஒதுங்குவதால் சாதி ஒழிவதில்லை; பட்டறையில் யார் நிற்கிறார்கள் என்பது மட்டும் மாறாமல் இருக்கிறது.

இது புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய ஒன்றும் இல்லை. மாமல்லபுரத்தில் 1957இல் தொடங்கி இன்று அரசுக் கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரியாக இருக்கும் இடத்துக்குப் போய்ப் பாருங்கள். பட்டப்படிப்பு படிக்கும் பிள்ளைகள் கல்லின் முன்னாலும் மரத்தின் முன்னாலும் உட்கார்ந்து உளி அடிக்கிறார்கள். அளவுக் கணக்கும் கோடும் ஒரே கையில் வந்து சேர்கின்றன. அங்கே படித்தவரைப் பார்த்து "இவருக்குப் படிப்பில்லை, வெறும் கைவேலை" என்று யாரும் சொல்வதில்லை. கோயிலுக்கு இது சரி. வீட்டு அடுப்படிக்கு மட்டும் ஏன் சரி இல்லை?

வெளிநாட்டு உதாரணம் இருந்தால்தான் நம்மவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள் என்பதால் அதையும் சொல்கிறேன். 1919இல் ஜெர்மனியின் வைமாரில் வால்டர் குரோப்பியஸ் தொடங்கிய பௌஹவுஸ் பள்ளியில் ஒவ்வொரு பட்டறைக்கும் இரண்டு ஆசிரியர்கள். ஒருவர் வடிவம் சொல்லித் தரும் கலைஞர், மற்றவர் கைவேலை சொல்லித் தரும் தொழிலாளி. உலகம் முழுக்க வடிவமைப்புப் பள்ளிகள் சுவரில் மாட்டி வைத்திருக்கும் பெயர் அது. அங்கேயும் கைவேலை ஆசிரியருக்கு வடிவ ஆசிரியருக்குச் சமமான மதிப்பு கிடைக்கவில்லை என்பதும், பெண்களைப் பெரும்பாலும் நெசவுப் பட்டறைக்கே தள்ளினார்கள் என்பதும் வேறு கதை. நம் பயிற்சி நிலையங்கள் பௌஹவுஸ் நாற்காலியின் படத்தை எடுத்துக்கொண்டு பட்டறையை விட்டுவிட்டன.

இன்றைய ஜெர்மனியில் உள் அலங்காரத் தொழிலுக்கு 'ரௌம்அவுஸ்ஷ்டாட்டர்' என்று பெயர். பெயர் வாயில் நுழையாது, விஷயம் நுழையும். அது மூன்று ஆண்டுத் தொழில் பயிற்சி. தரை விரிப்பு, சுவர் பூச்சு, மெத்தை தைப்பது, திரை, வெயில் மறைப்பு. பயிற்சிக் காலத்தில் பெரும்பகுதி ஒரு பட்டறையில் வேலை, மிச்சம் தொழிற்பள்ளியில் பாடம். பயிற்சி பெறுபவருக்குப் பட்டறை முதலாளி சம்பளம் கொடுக்கிறார்; பிள்ளை கட்டணம் கட்டுவதில்லை. இந்தத் தொழிலில் சொந்தமாகக் கடை வைக்க 'மாஸ்டர்' பட்டம் கட்டாயம் என்ற விதியை 2004இல் எடுத்துவிட்டார்கள். யார் வேண்டுமானாலும் செய்யட்டும், சந்தை பார்த்துக்கொள்ளும் என்ற நினைப்பு. 2020இல் பன்னிரண்டு தொழில்களுக்கு அந்தக் கட்டாயத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அந்தப் பன்னிரண்டில் இதுவும் ஒன்று. பதினாறு ஆண்டு சந்தையிடம் விட்டுப் பார்த்துவிட்டு ஒரு நாடு திரும்பி வந்திருக்கிறது.

அதற்காக இங்கே உரிமம் கொண்டுவா என்று கேட்பவன் இல்லை நான். 1972ஆம் ஆண்டுக் கட்டடக் கலைஞர் சட்டம்கூட அந்தப் பட்டப் பெயரைத்தான் காக்கிறது, வேலையை அல்ல என்று உச்ச நீதிமன்றமே 2020இல் சொல்லிவிட்டது. உள் அலங்காரத்துக்கு அதுவும் கிடையாது. நாளைக்கே போர்டில் 'இன்டீரியர் டிசைனர்' என்று எழுதி மாட்டலாம், யாரும் கேட்க முடியாது. உரிமம் வந்தால் நம் ஊரில் அதுவும் இன்னொரு சான்றிதழ் ஆகும், அதற்கும் ஒரு கோர்ஸ் முளைக்கும். என் கவலை தாளைப் பற்றியது அல்ல.

தாளுக்கு வழி ஏற்கெனவே இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. 1950இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின் கீழ் ஐ.டி.ஐ.களில் 'உள் வடிவமைப்பும் அலங்காரமும்' என்றே ஒரு பிரிவு இருக்கிறது. பத்தாவது தேறினால் போதும், ஓராண்டுப் படிப்பு. 1961ஆம் ஆண்டிலிருந்தே தொழில் பழகுநர் சட்டம் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் வகுப்பும் பட்டறையும் ஒன்றாகக் கிடைக்கும். ஆனால் "பொண்ணு ஐ.டி.ஐ. படிக்கிறா" என்று கல்யாண வீட்டில் சொல்ல நமக்கு வாய் வருவதில்லை. "டிசைன் அகாடமியில படிக்கிறா" என்றால் காபி கூட ஒரு டம்ளர் கிடைக்கும். ஐ.டி.ஐ.க்களிலும் எல்லாம் ஒழுங்கு என்று நான் சொல்ல மாட்டேன். இயந்திரம் உறை போட்டபடி இருக்கும் பட்டறைகளையும் பார்த்திருக்கிறேன். ஆனாலும் அங்கே உறையை எடுக்கச் சொல்லிக் கேட்கலாம். எடுக்க இயந்திரமே இல்லாத இடத்தில் என்ன கேட்பது?

இந்தப் பக்கம் இவ்வளவு பேசியதால் அந்தப் பக்கத்தையும் விடுவதற்கில்லை. சைட்டில் தொழில் கற்ற பழைய மேஸ்திரிகள் சிலர் என் பேச்சைக் கேட்டால் மகிழ்ந்துபோவார்கள். "அதான் சார் சொல்றேன், படிப்பு எதுக்கு? எங்கூட ரெண்டு வருஷம் நின்னா போதும்" என்பார்கள். போதாது அண்ணே. உங்களிடம் இரண்டு வருஷம் நின்ற பையன் முதல் வருஷம் டீ வாங்கப் போனான், இரண்டாம் வருஷம் பலகை தூக்கினான். மூட்டு போடும் நுணுக்கத்தை நீங்கள் அவன் முதுகைத் திருப்பிக்கொண்டபோதுதான் செய்தீர்கள். உங்கள் பட்டறையில் ஒரு பெண் பிள்ளை நின்று கற்க இடமிருந்ததா? பொய்க்கூரைக்கு மேல் போகும் வயரில் எத்தனை விளக்கு தாங்கும் என்று நீங்கள் பார்த்ததுண்டா, "எலக்ட்ரீஷியன் பாத்துப்பான்" என்று நீங்களும் தள்ளிவிடவில்லையா? படத்தில் இருக்கும் வெட்டுத் தோற்றத்தை வாசிக்கத் தெரியாமல், தெரியாது என்று சொல்லவும் கூச்சப்பட்டு, தோன்றியபடி செய்துவிட்டு, பிறகு சண்டை வந்த வேலைகளை நானே எண்ணிச் சொல்ல முடியும். பள்ளி வேண்டும். அடுப்பு மேடை ஏன் 34 அங்குலம், வீட்டு அம்மா ஐந்தடிக்குக் குறைவாக இருந்தால் அதை எவ்வளவு இறக்குவது, மேல் அலமாரி ஏன் ஓரடி ஆழத்துக்கு மேல் வந்தால் நெற்றியில் இடிக்கும் என்பதை எல்லாம் ஒருவர் உட்கார்ந்து, காரணத்தோடு சொல்லித் தர வேண்டும். பழக்கத்தில் செய்பவருக்கு 34 என்பது வெறும் எண். காரணம் தெரிந்தவருக்குத்தான் அதை மாற்றும் தைரியம் வரும்.

மென்பொருளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன், ஏனென்றால் அந்த வாதம் தானாகவே செத்துக்கொண்டிருக்கிறது. முப்பரிமாணப் படம் போடத் தெரிந்தவருக்கு நேற்றுவரை மவுசு இருந்தது உண்மை. இன்று ஒரு வரி எழுதினால் செயற்கை நுண்ணறிவு அரை நிமிடத்தில் அதே வரவேற்பறையை நாலு விதமாகப் போட்டுத் தருகிறது. வாடிக்கையாளரே செல்போனில் செய்து கொண்டுவந்து காட்டுகிறார். அந்தப் படத்திலும் சுவர் நேராகத்தான் இருக்கிறது. ஆக, எது மிக மலிவாகிவிட்டதோ அதைத்தான் நம் பயிற்சி நிலையங்கள் மிக அதிக விலைக்கு விற்றுக்கொண்டிருக்கின்றன.

மடிப்பாக்கத்துப் பெண் இப்போதும் எங்களிடம்தான் இருக்கிறார். அந்த வேலைக்குப் பிறகு மூன்று மாதம் அவருக்குக் கணினி கொடுக்கவில்லை. சண்டை போட்டார், ஒரு நாள் அழுதார் என்றும் கேள்வி. ஆசாரியோடு சைட்டுக்குப் போனார். இப்போது சுவரை எங்கே அளந்தாலும் கீழே, நடுவில், மேலே என்று மூன்று அளவு எடுக்கிறார்; தூக்குக்குண்டு அவர் பையிலேயே கிடக்கிறது. ஓரத்தில் அரை அங்குல ஃபில்லர் விடாமல் எந்த அலமாரியையும் வரைவதில்லை. ஆசாரி அவரிடம் வெட்டுத் தோற்றம் வாசிக்கக் கற்றுக்கொண்டார் என்பதை ஆசாரி ஒப்புக்கொள்ள மாட்டார். அந்த மூன்று மாதத்தை அவர் கட்டணம் கட்டிய இடமே கொடுத்திருக்க வேண்டும். கொடுத்தது நானும் ஆசாரியும், கட்டணம் வாங்கியது வேறொருவர்.

சென்ற மாதம் சொந்தக்காரர் ஒருவர் வந்திருந்தார். மகளை உள் அலங்காரம் படிக்க வைக்க வேண்டுமாம். கையில் வழவழப்பான கையேடு. "பொண்ணு கோலம் போட்டா தெருவே நின்னு பாக்கும் மாமா. ரசனை ரத்தத்துலயே இருக்கு" என்றார். கோலம் போடும் கை அளவு பழகிய கைதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பணம் கட்டுவதற்கு முன்னால் அங்கே போய் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு வா என்று அனுப்பினேன்: பட்டறை எங்கே இருக்கிறது, அதைக் காட்டுங்கள்.

இரண்டு நாள் கழித்துப் போன் செய்தார். கேட்டாராம். வரவேற்பில் இருந்த பெண் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பட்டறை எல்லாம் இல்ல சார், ஆனா லேப் புல்லா ஏசி" என்றாராம்.